லேசரில் வெட்டிய தகடு, வளைத்த பிறகு ஏன் அளவு தப்புகிறது?

கிணற்று மோட்டாருக்கு ஸ்டார்ட்டர் பெட்டி, பரோட்டா கடைக்கு எக்ஸாஸ்ட் ஹூட், ஜிகர்தண்டா கடைக்கு எவர்சில்வர் கவுண்டர், வீட்டுக்கு பீரோ. மதுரையில் தகட்டு வேலைக்குப் பஞ்சமே இல்லை. கே.புதூர், கப்பலூர் தொழிற்பேட்டைகளில் கொடுத்துச் செய்து வாங்குகிறவர்களும் உண்டு, வீட்டுப் பக்கத்துப் பட்டறையில் சொல்லிச் செய்கிறவர்களும் உண்டு. லேசர் கட்டிங் வந்த பிறகு, வெட்டிய தகட்டை வெர்னியர் வைத்துப் பார்த்தால் அளவு சுத்தமாக இருக்கிறது. ஆனால் அதே தகடு பெட்டியாகி வரும்போது 2 மி.மீ., 3 மி.மீ. கூடவோ குறையவோ நிற்கிறது. கதவு உட்கார மறுக்கிறது, ஸ்க்ரூ ஓட்டைகள் நேர் வருவதில்லை. வளைத்தவர் வெட்டியவரைக் கைகாட்டுகிறார், வெட்டியவர் டிராயிங்கைக் காட்டுகிறார், பணம் கொடுத்தவர் இரண்டு பேரையும் சந்தேகப்படுகிறார்.

பெரும்பாலும் இதில் யாரும் ஏமாற்றவில்லை. வளையும்போது தகட்டின் நீளக் கணக்கு மாறிவிடுகிறது. அந்தக் கணக்கை யார் போடுவது என்று யாரும் முன்கூட்டிப் பேசிக்கொள்வதில்லை. தகட்டு வேலையில் பிழை நுழையும் முக்கியமான வாசல் இதுதான். இதைப் புரிந்துகொள்ள, வெட்டுவதற்கும் முந்தி, தகட்டிலிருந்தே தொடங்க வேண்டும்.

தகடும் கேஜும்

பொதுவாக 6 மி.மீ. கனத்துக்குக் கீழே இருப்பதை ஷீட் என்றும், அதற்கு மேல் போனால் பிளேட் என்றும் சொல்வார்கள். பரோட்டா கல் பிளேட், அதற்கு மேலே தொங்கும் ஹூட் ஷீட். சாதாரண இரும்பில் இரண்டு வகை புழங்குகிறது. சூடாக உருட்டியது எச்.ஆர்.; மேலே கருநீலச் செதில் படிந்திருக்கும், கனத்தில் ஏற்ற இறக்கம் கொஞ்சம் அதிகம். குளிர்ந்த நிலையில் மறுபடி உருட்டி மெலிதாக்கியது சி.ஆர்.; மேற்பரப்பு வழவழப்பாகவும் கனம் சீராகவும் இருக்கும். பவுடர் கோட்டிங் அடிக்கப் போகும் பெட்டிகளுக்கு சி.ஆர்.தான் சரி. துத்தநாகம் பூசியது ஜி.ஐ. இவை போக எவர்சில்வரும் அலுமினியமும்.

கடையில் கனத்தை 16 கேஜ், 18 கேஜ் என்று எண்ணால் சொல்கிறார்கள். எண் கூடக் கூடத் தகடு மெலியும். சிக்கல் என்னவென்றால், கேஜ் என்பது ஒரே அளவுகோல் இல்லை. நம் ஊரில் பழகிய பிரிட்டிஷ் கம்பி கேஜில் 16 என்றால் 1.63 மி.மீ. அமெரிக்க எஃகுத் தகட்டு கேஜில் அதே 16 என்பது 1.52 மி.மீ. அலுமினியத்துக்கு அமெரிக்காவில் வைத்திருக்கும் கேஜில் 1.29 மி.மீ. இணையத்தில் கிடைக்கும் டிராயிங்கில் 16 கேஜ் என்று போட்டிருப்பதைப் பார்த்து, இங்கே 16 கேஜ் வாங்கினால் தொடக்கத்திலேயே 0.1 மி.மீ. பிசகிவிடும். ஆகவே கேஜை விட்டுவிட்டு மி.மீ.-ல் எழுதுவதே நல்லது.

கனத்தைச் சோதிக்கத் தராசும் உதவும். 1 மி.மீ. கனமுள்ள இரும்புத் தகடு ஒரு சதுர மீட்டருக்கு 7.85 கிலோ. எட்டுக்கு நாலு ஷீட், அதாவது 2440-க்கு 1220 மி.மீ., 1 மி.மீ. கனத்தில் சுமார் 23.4 கிலோ வரும், 1.2 மி.மீ. என்றால் 28 கிலோ. 1.2 என்று சொல்லி வாங்கிய ஷீட் 25 கிலோ நின்றால், கனம் 1.07 மி.மீ.தான். அந்தக் குறை விலையோடு முடிவதில்லை, வளைவிலும் வந்து நிற்கும்.

வெட்டுதல்: இப்போது இது சுலபமான பாதி

தகட்டை வெட்ட நடைமுறையில் மூன்று வழிகள்.

1. ஷியரிங். மேலொரு கத்தி, கீழொரு கத்தி. நேர்க்கோட்டு வெட்டுக்கு இதைவிட மலிவான வழி கிடையாது. இரண்டு கத்திக்கும் நடுவே விடும் இடைவெளி தகட்டின் கனத்தில் சுமார் 5 முதல் 10 சதவீதம் இருக்க வேண்டும். அதிகமானால் விளிம்பு மடங்கிப் பிசிறு வரும். மேல் கத்தி சாய்ந்து இறங்குவதால் ஒடுங்கிய பட்டைகள் முறுக்கிக்கொள்ளும், 20 மி.மீ. அகலப் பட்டைகளை ஷியரிங்கில் நேராக எடுப்பது கஷ்டம்.

2. பஞ்சிங். பஞ்ச் என்ற கருவியால் குத்தி வெட்டுவது. ஓட்டைகளுக்கும், திரும்பத் திரும்ப வரும் வடிவங்களுக்கும். ஓட்டையின் விட்டம் தகட்டின் கனத்தைவிடக் குறையாமல் இருப்பது பஞ்ச் கருவிக்கு நல்லது.

3. லேசர். இன்றைக்குப் புதிதாக வரும் மெஷின்களில் பெரும்பாலானவை ஃபைபர் லேசர். அதன் ஒளியின் அலைநீளம் சுமார் 1 மைக்ரான். பழைய கார்பன் டை ஆக்சைடு லேசருக்கு 10.6 மைக்ரான். குறுகிய அலைநீளத்தை உலோகம் நன்றாக உள்வாங்கும் என்பதால், பித்தளை, அலுமினியம் போன்ற பளபளப்பானவையும் ஃபைபரில் வெட்டுப்படும். மின்சாரச் செலவும் குறைவு.

லேசரில் வாங்குகிறவர் கேட்க வேண்டிய ஒரு கேள்வி உண்டு: எந்த வாயுவில் வெட்டுகிறார்கள்? ஆக்சிஜனில் வெட்டினால் இரும்பு எரிந்து வெட்டுப்படும். கனமான தகட்டுக்கு அது தேவை. ஆனால் விளிம்பில் கருமையான ஆக்சைடு படலம் ஒட்டி நிற்கும். அதைத் தேய்த்து எடுக்காமல் பவுடர் கோட்டிங் அடித்தால், பூச்சு இரும்பைப் பிடிக்காமல் படலத்தைப் பிடிக்கும். கொஞ்ச நாளில் விளிம்போடு உரிந்து துரு அங்கிருந்து ஏறும். நைட்ரஜனில் வெட்டினால் விளிம்பு பளிச்சென்று இருக்கும், வாயுச் செலவு கூடும். மழையிலும் வெயிலிலும் தோட்டத்தில் நிற்கப்போகிற மோட்டார் பெட்டிக்கு இந்தச் செலவு வீண் இல்லை.

வெட்டில் பணம் போகிற இன்னொரு இடம் ஷீட்டில் துண்டுகளை அடுக்கும் விதம். ஒரு பெட்டிக்கான 720-க்கு 400 மி.மீ. துண்டு ஒரு எட்டுக்கு நாலு ஷீட்டில் 9 வரும். உயரத்தை 410 ஆக்கினால், சிலவற்றைத் திருப்பிப் போட்டு அடுக்கினாலும் 8-க்கு மேல் வராது. 10 மி.மீ. உயரத்துக்காக ஷீட்டுக்கு ஒரு பெட்டி போகிறது. இதெல்லாம் டிராயிங் போடும் நாளிலேயே பார்க்க வேண்டியவை.

வளையும்போது உள்ளே நடப்பது

ஒரு தடித்த ரப்பர் அழிப்பானை வளைத்துப் பாருங்கள். வெளிப்பக்கம் இழுபடும், உள்பக்கம் நசுங்கிச் சுருங்கும். இரும்பும் அப்படியே. இழுபடும் பக்கத்துக்கும் சுருங்கும் பக்கத்துக்கும் நடுவே நீளம் மாறாத ஒரு கோடு இருக்கும். வளைத்த பொருளுக்கு எவ்வளவு நீளத் தகடு வேண்டும் என்பதை அந்தக் கோட்டின் நீளம்தான் சொல்லும்.

அந்தக் கோடு சரியாக நடுவில் இருப்பதில்லை. வளையும்போது உள்பக்கமாக நகரும். உள்பரப்பிலிருந்து அது எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதைக் கனத்தின் பங்காகச் சொல்வதே கே ஃபேக்டர். பெரும்பாலான வேலைகளில் 0.33-க்கும் 0.5-க்கும் இடையே இருக்கும். நெருக்கமாக மடக்கினால் குறையும், பெரிய ஆரத்தில் வளைத்தால் 0.5-ஐ நெருங்கும்.

ஒரு மோட்டார் பெட்டியின் உடலை வைத்துக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 1.2 மி.மீ. சி.ஆர். தகடு. முதுகு 300, இரண்டு பக்கமும் 200, முன்னால் கதவு உட்கார இருபுறமும் 15 மி.மீ. உதடு. எல்லாம் வெளி அளவு. மொத்தம் நான்கு வளைவு, எல்லாமே 90 டிகிரி. உள் ஆரம் 1.6 மி.மீ., கே ஃபேக்டர் 0.4 என்று எடுத்துக்கொள்வோம்.

1. வெளி அளவுகளைக் கூட்டினால்: 15 + 200 + 300 + 200 + 15 = 730 மி.மீ.

2. ஒரு வளைவில் நீளம் மாறாத கோட்டின் நீளம்: 1.571 × (1.6 + 0.4 × 1.2) = 3.27 மி.மீ. இங்கே 1.571 என்பது 90 டிகிரிக்கான வில்லின் பெருக்கு.

3. வெளி அளவாகக் கூட்டும்போது அதே மூலைக்கு நாம் எடுத்துக்கொண்டது: ஒவ்வொரு பக்கமும் ஆரமும் கனமும் சேர்ந்து 2.8, இரண்டு பக்கம் 5.6 மி.மீ.

4. ஆகவே ஒரு வளைவுக்குக் கழிக்க வேண்டியது 5.6 − 3.27 = 2.33 மி.மீ. நான்குக்கும் 9.3 மி.மீ.

5. வெட்ட வேண்டிய நீளம்: 730 − 9.3 = 720.7 மி.மீ.

பட்டறைகளில் உள் அளவைக் கூட்டி வெட்டும் பழக்கம் உண்டு. அதன்படி இங்கே ஒரு வளைவுக்கு இரண்டு கனம், 2.4 மி.மீ., கழியும், மொத்தம் 720.4 வரும். கணக்குக்கும் அதற்கும் 0.3 மி.மீ.தான் வித்தியாசம். அனுபவத்தில் பிறந்த இந்த வழி மெல்லிய தகட்டில், சிறிய ஆரத்தில் நன்றாகவே வேலை செய்கிறது. ஆரம் மாறும்போதுதான் அது கைவிடும்.

ஆரத்தைத் தீர்மானிப்பது டை

டிராயிங்கில் உள் ஆரம் 1 என்று எழுதிவிட்டால் 1 வந்துவிடாது. தகட்டை வளைக்கும் மெஷினான பிரஸ் பிரேக்கில் கீழே வி வடிவப் பள்ளமுள்ள டை, மேலே பஞ்ச். பஞ்ச் தகட்டைப் பள்ளத்துக்குள் அழுத்தும், ஆனால் அடிவரை கொண்டுபோய் முட்டாது. இந்த முறைக்கு ஏர் பெண்டிங் என்று பெயர். இன்று பெரும்பாலும் நடப்பது இதுதான். இதில் உள் ஆரத்தைத் தீர்மானிப்பது பள்ளத்தின் வாய் அகலம். சாதாரண இரும்புக்கு வாய் அகலத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு ஆரமாக வரும். எவர்சில்வரில் கொஞ்சம் பெரிதாகவும் அலுமினியத்தில் கொஞ்சம் சிறிதாகவும் வரும். வாய் அகலம் தகட்டின் கனத்தைப் போல 8 மடங்கு இருக்கட்டும் என்பது பொதுக் கணக்கு. 1.2 மி.மீ. தகட்டுக்கு 10 மி.மீ. டை, 2 மி.மீ. தகட்டுக்கு 16 மி.மீ. டை.

டையோடு சேர்ந்து வரும் மூன்று கட்டுப்பாடுகளை வரைகிறவர் தெரிந்துகொள்ள வேண்டும்.

1. மடிப்பின் குறைந்தபட்ச நீளம். தகடு பள்ளத்தின் இரண்டு தோளிலும் உட்கார்ந்திருக்க வேண்டும். வாய் அகலத்தில் சுமார் 0.7 பங்குக்குக் கீழே மடிப்பு இருந்தால் தகடு வழுக்கிப் பள்ளத்துக்குள் விழும். 16 டையில் 11 மி.மீ.-க்குக் குறைந்த உதடு வராது.

2. ஓட்டையின் இடம். வளைவுக் கோட்டிலிருந்து வாய் அகலத்தில் பாதிக்குள் வரும் ஓட்டைகள் இழுபட்டு முட்டை வடிவமாகும். அங்கே ஓட்டை வேண்டியே தீரும் என்றால், வளைத்த பிறகு துளை போட வேண்டும், கூலி கூடும்.

3. தேவையான அழுத்தம், டன்னில். கனத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும், வாய் அகலத்துக்கு ஏற்பக் குறையும். 3 மி.மீ. இரும்புத் தகட்டில் 2.5 மீட்டர் நீளத்துக்கு 24 டையில் வளைக்கச் சுமார் 60 டன் வேண்டும். எவர்சில்வர் என்றால் ஒன்றரை மடங்கு. 40 டன் மெஷின் வைத்திருப்பவர் அந்த வேலையை வேண்டாம் என்றால், அது நியாயமான பதில்.

திரும்பி நிமிரும் இரும்பு

பஞ்ச் மேலே போனதும் தகடு கொஞ்சம் நிமிர்ந்துகொள்ளும். சாதாரண இரும்பு ஒரு டிகிரி போல நிமிரும். எவர்சில்வர் இரண்டு, மூன்று டிகிரி வரை. அதனால் 90 வேண்டுமென்றால் ஆபரேட்டர் 89-க்கோ 87-க்கோ அழுத்தி விடுவார். எவ்வளவு கூடுதலாக அழுத்துவது என்பது அந்த லாட் தகட்டின் கடினத்தைப் பொறுத்தது. போன மாதத்துத் தகட்டுக்குப் போட்ட செட்டிங் இந்த மாதம் வந்த தகட்டுக்குப் பொருந்த வேண்டும் என்று கட்டாயமில்லை. கவுண்டர் செய்ய 304 ரக எவர்சில்வர் என்று சொல்லி 202 ரகம் கிடைத்தாலும், விறைப்பு வேறாக இருப்பதால் வளைவும் வேறாக நிற்கும்.

கனம் குறைந்த ஷீட்டின் பாதிப்பு இங்கேதான் தெரியும். ஏர் பெண்டிங்கில் கோணத்தைத் தருவது பஞ்ச் இறங்கும் ஆழம். 16 டையில் ஆழம் 0.1 மி.மீ. மாறினால் கோணம் ஏறக்குறைய முக்கால் டிகிரி மாறும். டையின் வாய் சிறுத்தால் மாற்றம் இன்னும் அதிகம். தகடு மெலிந்திருந்தால் அதே இறக்கத்தில் வளைவு குறைந்து நிற்கும். ஒரு டிகிரி கேட்கச் சின்னதாக இருக்கிறது. 200 மி.மீ. பக்கத்தின் நுனியில் அது 3.5 மி.மீ. பெட்டியின் வாய் அகன்று நிற்பதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். வெட்டு அளவில் ஒரு குறையும் இருக்காது. மூலைமட்டம் வைத்துப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும்.

விரிசல்

தகட்டை ஆலையில் உருட்டி நீட்டுவதால் அதற்கு மரத்தைப் போலவே ஒரு ஓட்டம் உண்டு. வளைவுக் கோடு ஓட்டத்துக்குக் குறுக்கே போனால் தகடு நன்றாகத் தாங்கும். ஓட்டத்தின் வழியே போனால் வெளிப்பக்கம் சீக்கிரம் வெடிக்கும். மெல்லிய சி.ஆர். தகட்டில் இதைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். கனமான எச்.ஆர். தகட்டிலும், கடினமான அலுமினிய ரகங்களிலும் கவனம் வேண்டும். ஷீட்டில் இடம் மிச்சம் பிடிக்கத் துண்டுகளைத் திருப்பிப் போடும்போது, பாதிப் பெட்டிகளில் ஓட்டம் மாறிப்போவதைப் பலர் யோசிப்பதில்லை.

பிசிறு இருக்கும் பக்கம் வளைவின் உள்ளே வரட்டும். வெளியே வந்தால், இழுபடும் இடத்தில் பிசிறின் நுனியிலிருந்தே விரிசல் கிளம்பும்.

இரண்டு பட்டறைக்கு நடுவே விழும் பிழை

இப்போது தொடக்கத்துச் சண்டைக்கு வரலாம். லேசர் மெஷின் விலை அதிகம் என்பதால், வெட்டுவது ஓரிடம், வளைப்பது வேறிடம் என்று வேலை பிரிகிறது. கம்ப்யூட்டரில் பெட்டியை வரைந்து விரித்துத் தருகிறவர் மூன்றாவது ஆள். மென்பொருள் தானாக ஒரு ஆரத்தையும் கே ஃபேக்டரையும் எடுத்துக்கொண்டு விரித்துவிடும். வளைக்கிற பட்டறையில் என்ன டை இருக்கிறது என்று அதற்குத் தெரியாது.

மேலே பார்த்த மோட்டார் பெட்டியையே எடுங்கள். 10 டைக்குக் கணக்குப் போட்டு 720.7 வெட்டியாகிவிட்டது. வளைக்கும் இடத்தில் அன்றைக்கு 16 டை மாட்டியிருக்கிறது. சின்ன வேலைதானே என்று மாற்றாமல் அதிலேயே வளைக்கிறார்கள். உள் ஆரம் 1.6-க்குப் பதில் 2.7 ஆகிறது. ஒரு வளைவுக்குக் கழிக்க வேண்டியது 2.33-லிருந்து 2.8 ஆகிறது. நான்கு வளைவுக்கும் சேர்த்து 718.8 போதும். தகடோ 1.9 மி.மீ. கூடுதலாக இருக்கிறது. வெட்டியவர் சொன்ன அளவுக்கே வெட்டினார், வளைத்தவரும் 90-க்கே வளைத்தார், பெட்டி மட்டும் தப்பு.

அந்த 1.9 மி.மீ. எங்கே போய்ச் சேரும்? ஆபரேட்டர் எந்த விளிம்பை பேக் கேஜில் (மெஷினின் பின்பக்கம் தகட்டை அளவுக்கு நிறுத்தும் முட்டு) முட்டவைக்கிறார் என்பதைப் பொறுத்தது. முதலில் இரண்டு உதட்டையும் 15-க்கு மடக்கி, பிறகு உதட்டை முட்டவைத்துப் பக்கங்களை 200-க்கு மடக்கினால், மிச்சம் முழுவதும் முதுகில் விழும். 300 இருக்க வேண்டியது 302 நெருங்கும். கதவு உட்காரும் வாயும் அதே அளவு அகன்றுவிடும்.

இதைத் தவிர்க்க ஒரு எளிய சோதனை போதும். வேலைக்கு எடுத்திருக்கும் அதே ஷீட்டிலிருந்து 100 மி.மீ. நீளம், 50 மி.மீ. அகலத்தில் ஒரு பட்டை வெட்டி, வளைக்கப் போகும் அதே டையில் நடுவில் 90 டிகிரி மடக்குங்கள். இரண்டு கையின் வெளி அளவையும் வெர்னியரில் அளந்து கூட்டுங்கள். 102.3 வந்தால், அந்தத் தகட்டுக்கு அந்த டையில் கழிக்க வேண்டியது 2.3 மி.மீ. எந்த ஃபார்முலாவையும்விட இந்த எண்ணை நம்பலாம். நூறு பெட்டி வெட்டுவதற்கு முன் ஒரு பட்டையை வளைத்துப் பார்க்கச் சில நிமிடம் போதும். இதைச் செய்யாமல் லேசருக்கு ஃபைலை அனுப்புவது சரியில்லை என்பதே என் உறுதியான கருத்து.

டிராயிங்கில் இருக்க வேண்டியவை

1. கனம் மி.மீ.-ல், தகட்டு ரகம் பெயரோடு. ஐ.எஸ். 513 (இந்தியத் தர எண்) சி.ஆர்., எவர்சில்வர் 304 என்பதுபோல. வெறுமனே 18 கேஜ் எஸ்.எஸ். (எவர்சில்வர்) என்று எழுதினால் ரகத்தைக் கடைக்காரர்தான் தீர்மானிப்பார்.

2. ஒவ்வொரு அளவும் வெளி அளவா, உள் அளவா என்று. 1.2 மி.மீ. தகட்டில் இது மாறிப்போனால் பெட்டிக்கு 2.4 மி.மீ. போகும்.

3. விரித்த அளவை வளைக்கும் பட்டறையே போடட்டும். வெட்டும் ஃபைல் அவர்கள் கையிலிருந்து லேசருக்குப் போகட்டும். அது முடியாவிட்டால், எந்த டைக்குக் கணக்குப் போட்டது என்பதை டிராயிங்கில் எழுதிவிட வேண்டும்.

4. இரண்டு மடிப்பு சந்திக்கும் மூலையில் ஒரு வெட்டு, தகட்டின் கனத்துக்குக் குறையாமல். அது இல்லாவிட்டால் மூலை கிழியும் அல்லது பிதுங்கும்.

5. பவுடர் கோட்டிங் உண்டா என்று. ஒரு பக்கத்துக்கு 60 முதல் 80 மைக்ரான் ஏறும். கதவின் இடைவெளியில் இதற்கும் இடம் விட வேண்டும்.

6. எந்த அளவு முக்கியம், எது கொஞ்சம் போனாலும் பரவாயில்லை என்று. மோட்டார் பெட்டியில் கதவு உட்காரும் வாய் 270 மி.மீ., அது பிசகக் கூடாது. ஆழம் 200-க்கு 201 ஆனால் ஒரு நஷ்டமும் இல்லை. இதை எழுதி வைத்திருந்தால், மேலே சொன்ன 1.9 மி.மீ. கூடுதலாக வந்த தகட்டைக்கூட ஆபரேட்டர் காப்பாற்றிவிடுவார். பேக் கேஜைக் கொஞ்சம் நகர்த்தி, பக்கத்துக்கு 1 மி.மீ. வீதம் ஆழத்தில் தள்ளிவிட்டு, முதுகை 300-லேயே நிறுத்துவார். கதவும் சரியாக உட்காரும்.